வாசகர் கேள்விகள்: டைனம் என்னும் சிற்றூரும் அதன் மாளிகையும்

சென்ற இதழில், தென் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் கடலை ஒட்டிய பள்ளத்தாக்கு ஒன்றில் கிடக்கும் டைனம் என்ற ஊரைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதியிருந்தேன். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943 டிசம்பரில், பீரங்கிப் பயிற்சிக்காக இராணுவம் அந்த ஊரைக் காலி செய்யவைத்ததையும், போர் முடிந்ததும் திரும்பி வரலாம் என்று மக்கள் நம்பியிருந்ததையும், அந்த நம்பிக்கை இன்றுவரை நிறைவேறாததையும் அதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் பல. அவற்றில் ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை எடுத்துக்கொண்டு, இந்த மாதப் பகுதியை முழுவதும் அந்த ஓர் ஊருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கே: ஊர் மக்களுக்கு எப்படித் தகவல் சொன்னார்கள்? எத்தனை நாள் அவகாசம் கொடுத்தார்கள்? ஒருவர்கூட எதிர்க்கவில்லையா?
— ஓய்வு பெற்ற அஞ்சலக ஊழியர், விருதுநகர்

ப: நீங்கள் பணியாற்றிய துறையின் வழியாகத்தான், அதாவது கடிதமாகத்தான், செய்தி வந்தது. 1943 நவம்பர் 16 என்று தேதியிட்ட அந்தக் கடிதம், நவீன ஆயுதங்களில் நம் படையினர் முழுமையான பயிற்சி பெற வேண்டுமானால் உண்மையான குண்டுகளைச் சுட்டுப் பழக ஒரு நிலப்பரப்பு வேண்டும் என்றும், மிகக் குறைந்த பேருக்குத் துன்பம் தரும் இடமாகத் தேடிப் பார்த்தே இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்றும், நாட்டின் நலன் கருதி உங்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற நேர்வதற்கு வருந்துகிறோம் என்றும் கூறியது. டிசம்பர் 19-ஆம் தேதி இராணுவம் பொறுப்பேற்கும். அதற்குள் அனைவரும் வெளியேறிவிட வேண்டும். ஆலோசனை கேட்க விரும்புவோருக்காக அருகிலுள்ள வேரம் என்ற சிறு நகரத்தில் மறுநாளே ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது.

கணக்குப் பார்த்தால் 33 நாள். கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கையில் கெடு முடிகிறது. ஆண்டில் பகல் மிகவும் குறுகிப்போகிற, நிலம் ஈரத்தில் ஊறிக் கிடக்கிற பருவம் அது. டைனம் ஊர் மட்டுமன்றி, அதைச் சுற்றியிருந்த பண்ணைகளும் தனி வீடுகளும் சேர்ந்து ஏறத்தாழ 7,500 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. 102 வீடுகளிலிருந்து 225 பேர் வெளியேறினார்கள். ஒரு நாட்டின் போர்க் கணக்கில் 225 என்பது ஒரு வரியில் அடங்கிவிடும் எண். அந்தப் பள்ளத்தாக்குக்கோ அதுதான் மக்கள்தொகை முழுவதும்.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. மேற்கே லல்வர்த்தில் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே டாங்கிப் பீரங்கிப் பயிற்சித் தளம் இயங்கிவந்தது. பாவிங்டனில் டாங்கிப் படையின் முகாம் இருந்தது. நேச நாடுகள் பிரான்சின் கரையில் இறங்குவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், பெருகிவந்த டாங்கிகளுக்கும் அவற்றின் நெடுந்தொலைவுக் குண்டுகளுக்கும் பழைய தளம் போதவில்லை. குன்றுகளால் சூழப்பட்டு, ஒரு பக்கம் கடலாக இருந்த அண்டைப் பள்ளத்தாக்கு வசதியாக அமைந்துவிட்டது.

எதிர்ப்பு என்று சொல்லத்தக்க எதுவும் எழவில்லை. போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. நாட்டில் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் யாராவது ஒருவர் போருக்குப் போயிருந்தார். ‘நாட்டுக்காக’ என்று கேட்டால் மறுப்பது அக்காலத்து மனத்துக்கு இயலாத செயல். போகும்போது அவர்கள் செய்த ஒரே காரியம், புனித மேரி தேவாலயத்தின் கதவில் ஒரு தாளைப் பொருத்திவைத்ததுதான். அதன் வாசகம் ஏறத்தாழ இது: “இந்தத் தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பேணுங்கள். மனிதர்கள் சுதந்திரமாக வாழ்வதற்கான போரில் வெல்வதற்கு உதவியாக, எங்களில் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைத் துறந்து செல்கிறோம். ஒரு நாள் திரும்பி வருவோம்; ஊரை அன்போடு நடத்தியதற்காக உங்களுக்கு நன்றி சொல்வோம்.”

இதில் எங்கும் கோபம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வரப்போகிற படைவீரர்களை விருந்தினராக நினைத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை ஒப்படைக்கும் குரல்தான் அதில் இருக்கிறது. நன்றியைக்கூட முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

கே: ‘மாளிகை’ என்று எழுதியிருந்தீர்கள். அது எவ்வளவு பெரியது? அந்த மாளிகைக்கும் ஊருக்கும் என்ன தொடர்பு? நம் ஊர் ஜமீனைப் போன்றதா?
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ப: இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை என்றவுடன் நூறு அறைகளும் தூண் வரிசைகளும் கொண்ட அரண்மனையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படியும் உண்டு. ஆனால் அந்நாட்டில் பெரும்பான்மை, ஒரு பள்ளத்தாக்கையோ ஒன்றிரண்டு ஊர்களையோ ஆண்ட நடுத்தர வீடுகளே. டைனம் மாளிகையும் அத்தகையதுதான். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், அதாவது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பர்பெக் வட்டாரத்தின் சாம்பல் நிறக் கல்லால் எழுப்பப்பட்ட வீடு அது. அதற்குப் பின்னால் இன்னும் பழைய, இடைக்காலத்துப் பகுதி ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1683-இல் பாண்ட் குடும்பத்தார் அதை வாங்கினார்கள். அன்றிலிருந்து 1943 வரை, 260 ஆண்டுகள், ஒரே குடும்பத்தின் கையில் அந்த வீடும் நிலமும் இருந்தன.

அதோடு ஊரும் இருந்தது. உங்கள் கேள்விக்கான விடை இந்தச் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. பண்ணை அவர்களுடையது, பண்ணையில் உழைத்தவர்கள் குடியிருந்த வீடுகளும் அவர்களுடையவை. பள்ளிக்கூடம் அந்தக் குடும்பத்தின் ஆதரவில் எழுந்தது. ஊர்ப் பாதிரியாரை நியமிப்பதில் அவர்கள் சொல்லே செல்லும். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களே பாதிரியாராக இருந்த காலமும் உண்டு. ஒருவர் மாளிகையின் தோட்டத்தில் வேலை பார்ப்பார், அவருடைய மகள் மாளிகையின் சமையலறையில் வேலைக்குச் சேர்வாள், தம்பி பண்ணையில் ஆடு மேய்ப்பார். மூவரும் வாடகை கொடுப்பதோ, வேலையோடு சேர்ந்த வீட்டில் இருப்பதோ அதே குடும்பத்தின் தயவில்தான். சற்றுத் தள்ளி, வொர்பாரோ விரிகுடாவின் கரையில் கானாங்கெளுத்தி பிடித்து வாழ்ந்த மீனவர்கள் மட்டும் கொஞ்சம் தனித்த போக்குடையவர்களாக இருந்தார்கள். கடல் எந்தக் குடும்பத்தின் சொத்தாகவும் இல்லாததே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஜமீனோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. நம் ஜமீன்தார் அடிப்படையில் அரசுக்காக நிலவரி வசூலித்துச் செலுத்தும் பொறுப்பேற்றவர். உழுகிற குடிக்கும் அந்த நிலத்தில் ஏதோ ஒரு வகை உரிமை எஞ்சியிருந்தது. ஆங்கிலேய நாட்டுப்புறத்தின் நிலப்பிரபு அப்படியல்லர். நிலத்தின் முழு உரிமையாளரே அவர். நம் வழக்கில் சொன்னால், பட்டா ஒன்றே ஒன்று. அது அவர் பெயரில் இருந்தது. நல்ல குடும்பமாக இருந்தால் கூரை ஒழுகும்போது செப்பனிட்டுக் கொடுப்பார்கள், நோயுற்றவர்களைப் பார்க்க வருவார்கள். பாண்ட் குடும்பம் நல்ல குடும்பம் என்றே பெயர் எடுத்திருந்தது. அந்த நல்ல பெயரை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் ஊருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்த நல்ல மனம்தான்.

ஊரின் வாழ்க்கை எத்தகையது என்பதற்கு ஒரு பொருளைக் காட்டலாம். சுவரில் பதித்த ஒரு தண்ணீர்க் குழாய் அங்கே இன்றும் இருக்கிறது. வீடுகளில் குழாய் இல்லாத காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் வாளியோடு வந்து நின்ற இடம் அது. அதன் மேல் யோவான் சுவிசேஷத்தின் வசனம் ஒன்றைப் பொறித்துவைத்திருக்கிறார்கள்: இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு மறுபடியும் தாகமுண்டாகும் என்று தொடங்கும் வசனம். நாள்தோறும் தண்ணீர் பிடிக்கிற ஒருவர் தம் வாழ்நாளில் அதை எத்தனை ஆயிரம் முறை வாசித்திருப்பார் என்று, அதன் முன்னால் நின்றபோது எண்ணிப் பார்த்தேன். வாளி நிறைகிற நேரம் அந்த வசனத்தை நிதானமாக ஒரு முறை படிப்பதற்குச் சரியாக இருந்திருக்கும்.

கே: திரும்பி வரலாம் என்ற வாக்குறுதி இருந்தும் ஏன் நிறைவேற்றவில்லை? எளிய மக்களை விட்டுவிடுவோம். மாளிகைக்காரர் செல்வாக்குடையவர் அல்லவா? அவரால் ஏன் மீட்க முடியவில்லை?
— வழக்கறிஞர், சேலம்

ப: வந்த கடிதங்களில் மிகவும் கூர்மையான கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

போர்க்காலச் சிறப்பு அதிகாரத்தின்படி நிலத்தை எடுப்பது தற்காலிகமானது. உரிமை உரிமையாளரிடமே இருக்கும். 1943-இல் நடந்தது அதுதான். ஆகவே போர் முடிந்த பிறகு அரசுக்கு இரண்டே வழிகள்: திருப்பிக் கொடுப்பது, அல்லது நிரந்தரமாகக் கையகப்படுத்துவது. 1948-இல் பொது விசாரணை ஒன்றை நடத்திவிட்டு, இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்களுக்கு நம்பிக்கை கொடுக்கப்பட்டிருந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பனிப்போர் தொடங்கிவிட்டிருந்த நிலையில், டாங்கிப் பீரங்கிகளுக்குத் தளம் தேவை என்பது அந்த நம்பிக்கையைவிடப் பெரியது என்று முடிவு செய்தார்கள். கட்டாயக் கொள்முதல் ஆணையின் வழியாக நிலம் அரசுடைமையானது.

இழப்பீடு யாருக்குப் போயிற்று என்று ஒரு வழக்கறிஞராக நீங்கள் கேட்பீர்கள். நிலத்துக்கான தொகை நிலத்தின் உரிமையாளருக்கு. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடிகளுக்கு, விட்டுச் சென்ற தோட்டத்தில் நின்ற காய்கறிகளின் மதிப்புதான் கிடைத்தது என்று அந்த ஊர் வரலாற்றைச் சொல்லும் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். சட்டப்படி பார்த்தால் அதில் குற்றம் காண முடியாது; வாடகைக்கு இருந்தவருக்கு நிலத்தில் என்ன பங்கு? ஆனால் கதவில் இருந்த தாளை மறுபடி படியுங்கள். “எங்கள் வீடுகளைத் துறந்து செல்கிறோம்” என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தாளை எழுதியவர் மாளிகையைச் சேர்ந்த எவலின் பாண்ட் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் உண்மையான பாசத்தோடுதான் ஊர் முழுவதற்குமாக ‘நாங்கள்’ என்று எழுதினார் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எனினும் அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை. வீடுகள் ஒரு குடும்பத்துக்கு மட்டுமே சொந்தமானவை. அந்தக் குடும்பத்தின் உரிமையை 1948-இல் முடித்துவைத்தபோது, மற்றவர்கள் திரும்பி வருவதற்கான கேள்வியே எழாமல் போயிற்று. மாளிகை நின்றவரை ஊரைத் தாங்கிய அதே பிணைப்புதான், மாளிகை போனபோது ஊரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. டைனத்தின் கதையை வெறும் இராணுவத்தின் வாக்குத் தவறிய கதையாக மட்டும் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

மாளிகைக்காரரின் செல்வாக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊர் காலியாவதற்கு முன்பே அவர்கள் வீட்டை இழந்துவிட்டார்கள். கடற்கரைக் குன்றின்மேல் அமைந்த ரேடார் நிலையத்தில் பணியாற்றிய விமானப்படைப் பெண்கள் தங்குவதற்காக மாளிகை எடுத்துக்கொள்ளப்பட்டது; அப்போதைய உரிமையாளர் ரால்ஃப் பாண்டும் அவர் மனைவியும் தங்கள் நிலத்திலேயே ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறக் குடும்பத்தின் சொல்லுக்கு, அவருடைய பாட்டனார் காலத்தில் இருந்த எடை இல்லை. அரசோடு மோதி வெல்ல அவர்களால் இயலவில்லை.

அதன் பிறகும் முயற்சிகள் ஓயவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1968-இல் டார்செட் எழுத்தாளர் ராட்னி லெக் முன்னின்று ஒரு போராட்டக் குழுவைத் தொடங்கினார். இராணுவத்தின் வசமுள்ள நிலங்களை மறுஆய்வு செய்ய நியமிக்கப்பட்ட நுஜென்ட் பிரபுவின் குழு, 1973-இல் அளித்த அறிக்கையில், லல்வர்த் தளத்தை வேல்ஸில் உள்ள காசில்மார்ட்டினுக்கு மாற்றிவிட்டு இந்த நிலத்தை விடுவிக்கலாம் என்றே பரிந்துரைத்தது. அவ்வளவு அருகில் வந்தது. மறு ஆண்டு அரசு அந்தப் பரிந்துரையை ஏற்க மறுத்தது. அதற்கு ஈடாக, சுடும் பயிற்சி இல்லாத நாள்களில் பொதுமக்கள் வந்து பார்க்க வழிவிடுவதாகச் சொன்னது. இன்று நாம் அங்கே போக முடிவது அதனால்தான்.

கே: அந்த மாளிகை இப்போது எந்த நிலையில் இருக்கிறது? உள்ளே போய்ப் பார்க்கலாமா?
— வாசகர், புதுச்சேரி

ப: பார்க்க முடியாது. ஆளில்லாமல் கிடந்து சிதைந்த கட்டடத்தின் பெரும்பகுதியை 1960-களின் பிற்பகுதியில் இடித்துவிட்டார்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள கற்களில் சில, ஆத்தெல்ஹாம்ப்டன் உள்ளிட்ட வேறு டார்செட் மாளிகைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எஞ்சிய சுவர்கள் மரங்களுக்கு நடுவே, பொதுமக்கள் நுழையக் கூடாத பகுதியில் நிற்கின்றன. வேலையாட்களின் குடிசைச் சுவர்களைத் தொட்டுப் பார்க்கலாம். அவற்றை ஆண்ட வீட்டை எட்டி நின்றுகூடப் பார்க்க முடியாது.

கே: இங்கிலாந்தில் இப்படிக் காலி செய்யப்பட்ட ஊர் இது ஒன்றுதானா?
— ஆசிரியர், கோயம்புத்தூர்

ப: இல்லை. அதே 1943-இல், அதே டிசம்பருக்குள், வில்ட்ஷயர் மாவட்டத்தின் சாலிஸ்பரி சமவெளியில் உள்ள இம்பர் என்ற ஊரும் காலியானது. நவம்பர் முதல் தேதி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மக்களைக் கூட்டி, 47 நாள் அவகாசம் தந்தார்கள். அவர்களும் இன்றுவரை திரும்பவில்லை. ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் தேவாலயத்தைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு ஓராண்டு முன்னதாகவே, நார்ஃபோக் மாவட்டத்தில் சில ஊர்கள் சேர்ந்து போர்ப் பயிற்சிக் களமாகிவிட்டன.

இதற்கு மாறான நிகழ்வும் ஒன்று உண்டு. டெவன் மாவட்டத்தில் ஸ்லாப்டன் கடற்கரையை ஒட்டிய பகுதியில், நார்மண்டித் தரையிறக்கத்துக்கு அமெரிக்கப் படைகள் ஒத்திகை பார்ப்பதற்காக, 1943-இன் இறுதியில் ஏறத்தாழ 3,000 பேரை வெளியேற்றினார்கள். ஒத்திகை முடிந்தது, 1944-இல் மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். அது ஒரே நிகழ்ச்சிக்கான ஒத்திகை. டைனத்திலோ முன்பே நிலைபெற்றிருந்த ஒரு பயிற்சித் தளம் விரிவடைந்தது. எடுத்த நிலத்தின் தேவை எப்போது முடியும் என்பதில்தான் திரும்பிப் போவதும் போகாததும் இருந்தது.

ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஊரை அப்புறப்படுத்துவது இராணுவம் கண்டுபிடித்த வழக்கமன்று. அதே டார்செட் மாவட்டத்தில், 18-ஆம் நூற்றாண்டில், ஜோசப் டேமர் என்னும் மில்டன் பிரபு தம் மாளிகையை ஒட்டியிருந்த மிடில்டன் என்ற சந்தை ஊர் தம் கண்ணுக்கு உறுத்தலாக இருப்பதாகக் கருதினார். வீடு வீடாக வாங்கி, குத்தகைக் காலம் முடிய முடிய இடித்து, அந்த இடத்தைப் புல்வெளியும் ஏரியுமாக்கினார். அந்த நிலக்காட்சியை வடிவமைத்தவர்களில் ஒருவர், அக்காலத்தின் பெரும் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் பிரவுன். கண்ணில் படாத ஒரு மடிப்பில், 1780-ஆம் ஆண்டையொட்டி, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற 36 கூரை வீடுகளை இரு வரிசையாகக் கட்டி, வீட்டுக்கு இரண்டு குடும்பமாக அங்கே குடியேற்றினார். மில்டன் ஆபஸ் என்ற அந்த ஊரின் படத்தைப் பார்க்கிறவர்கள், எவ்வளவு அழகு என்று வியந்துபோவார்கள். அழகுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளைச் சுவர்களும் வைக்கோல் கூரைகளும், ஒருவருடைய சன்னலிலிருந்து தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த இடத்தில் கட்டப்பட்டவை. மாளிகை 20-ஆம் நூற்றாண்டில் ஒரு பள்ளியாக மாறியது.

கே: இராணுவம் வராமல் இருந்திருந்தால் அந்த ஊர் பிழைத்திருக்குமா? எங்கள் பக்கத்திலும் வேலை தேடி இளைஞர்கள் போய்விட, வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. அதனால் கேட்கிறேன்.
— விவசாயி, தேனி

ப: இதற்கு உறுதியாக விடை சொல்வது நேர்மையாகாது, தெரிந்தவற்றை வைத்து யோசிக்கலாம். டைனத்தின் பள்ளிக்கூடம் 1932-இலேயே மூடப்பட்டுவிட்டது, படிக்கப் போதிய பிள்ளைகள் இல்லாததால். இராணுவம் வருவதற்குப் பதினோரு ஆண்டு முன்பே ஊர் சுருங்கத் தொடங்கியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மீன்பிடி தளர்ந்திருந்தது, பண்ணையில் இயந்திரங்கள் நுழையவே ஆள் தேவை குறைந்திருந்தது. வெளியேறியவர்களில் சிலருக்கு வேரம் அருகே சாண்ட்ஃபோர்டில் அரசு கட்டிய புதிய வீடுகள் கிடைத்தன; அங்கே வீட்டுக்குள்ளேயே குழாய் இருந்தது, மின்விளக்கு எரிந்தது. பழைய ஊரை எண்ணி அழுதவர்களும், மறுபடி வாளி சுமக்க விரும்பாதவர்களும் ஒரே குடும்பத்தில் இருந்திருப்பார்கள்.

மாளிகையின் நிலையும் அதுவே. 1894-இல் கொண்டுவரப்பட்ட வாரிசு வரி, போர்களின் செலவை ஈடுகட்ட உயர்ந்துகொண்டே போய், 1940-களின் இறுதியில் மிகப் பெரிய சொத்துகளுக்கு 80 விழுக்காட்டை எட்டியது. குடும்பத் தலைவர் இறந்தால், வரி கட்டுவதற்காகவே நிலத்தை விற்க வேண்டும். நிலம் போனால் வாடகை வருமானம் போகும். வருமானம் போனால் கூரையைச் செப்பனிட முடியாது. 20-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1950-கள் அதன் உச்சம். இராணுவம் தொடாத இடங்களிலும் இது நடந்தது.

ஆகவே அந்த ஊர் மாறியே இருக்கும். கோடை விடுமுறைக்கு வருகிற நகரத்தார் ஒவ்வொரு குடிசையாக வாங்கி, ஆண்டில் பத்து மாதம் பூட்டிவைத்திருக்கவும் கூடும். அந்தக் கடற்கரையின் மற்ற ஊர்கள் பலவற்றில் அதுதான் நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கிற துயரத்துக்கு என் பதில் இதுதான்: தானாக மெல்லத் தேய்கிற ஊரில், கடைசியாக யார் போவது, எப்போது போவது என்பதை அங்கே வாழ்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். பாட்டி இருக்கும்வரை இருப்போம் என்று ஒரு வீடு முடிவு செய்யும். டைனத்தின் பாட்டிகளுக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

விவசாயியான உங்களுக்கு ஆர்வம் தரக்கூடிய ஒரு செய்தி. 1943-க்குப் பிறகு அந்த நிலத்தின் பெரும்பகுதியில் ஆழ உழவில்லை. செயற்கை உரமும் பூச்சிமருந்தும் படவில்லை. குண்டுகள் விழுந்த நிலம் என்றாலும், இங்கிலாந்தின் பிற வயல்களில் மறைந்துபோன காட்டுப் பூக்கள் அங்கே அடர்ந்து வளர்கின்றன. அந்த வட்டாரத்தின் பெயரையே தாங்கிய லல்வர்த் என்னும் சிறு பழுப்புநிற வண்ணத்துப்பூச்சி, கோடையில் புல்லின்மேல் தாழப் பறப்பதைப் பார்க்கலாம்.

கே: என் மகள் போர்ன்மவுத்தில் படிக்கிறாள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அங்கே போக வேண்டும் என்கிறாள். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்று சொல்லுங்கள்.
— இல்லத்தரசி, நாகர்கோவில்

ப: மகளைக் கட்டாயம் போகச் சொல்லுங்கள், அம்மா. போர்ன்மவுத்திலிருந்து வேரம் வரை இரயிலில் எளிதாகப் போய்விடலாம். அங்கிருந்து வாடகைக் காரிலோ நண்பர்களுடைய காரிலோ போவது நல்லது. பெரும்பாலான வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் ஊர் திறந்திருக்கும். ஆனாலும் பயிற்சி நாள்களின் அட்டவணையை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். குன்றுகளில் சிவப்புக் கொடி பறந்தால் பயிற்சி நடக்கிறது, உள்ளே போகக் கூடாது என்று பொருள்.

குன்றின் மேலிருந்து இறங்கும்போது முதலில் கடலும், பிறகு மரங்களும், கடைசியாகத்தான் வீடுகளும் தெரியும். தெருவில் நுழைந்தவுடன், ஒரு வரிசையாகக் கூரையிழந்த குடிசைகள் நிற்கும். அவற்றின் முன்னால் வெள்ளைக் கான்கிரீட்டால் ஆன பழைய பாணித் தொலைபேசிக் கூண்டு ஒன்றைக் காணலாம். 1929-இல் அங்கே வைத்த கூண்டு 1985-இல் ஒரு திரைப்படப் படப்பிடிப்பின்போது உடைந்துவிட, அதே வகையில் வேறொன்றைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டின் சுவரிலும், அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவசரப்படாமல் படிக்கச் சொல்லுங்கள். சுவரின் நடுவே, தரை இல்லாத மாடியில், அடுப்பு ஒன்று அந்தரத்தில் பதிந்திருப்பதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அடுப்புக்கு நேர் மேலே, படுக்கையறையைச் சூடாக்க வைத்த சிறு கணப்பு அது. அதன் முன்னால் யாரோ கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த தரைப்பலகை இல்லை. அடுப்பு மட்டும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தையும் தேவாலயத்தையும் பழுதுபார்த்துக் காட்சியிடங்களாக வைத்திருக்கிறார்கள். பள்ளியில் பெஞ்சும் மேசையும் பழையபடியே போடப்பட்டிருக்கும். குளிர்ச்சட்டை மாட்டும் கொக்கிகளின் மேல் பிள்ளைகளின் பெயர்களைக் காணலாம். ஆசிரியர் வேலைக்குப் படிக்கிற பெண்ணாக இருந்தால், அங்கே வேண்டிய மட்டும் இருக்கட்டும்.

அங்கிருந்து வொர்பாரோ கடற்கரைக்கு நடந்தே போகலாம். மீனவர் வீடுகளின் அடித்தளக் கற்கள் புல்லுக்குள் கிடக்கும். வழியின் இரு பக்கமும் மஞ்சள் நிறக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அவற்றைத் தாண்டிக் காலெடுத்து வைக்கக் கூடாது. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இன்னும் இருக்கின்றன, தரையில் கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் தொடவும் கூடாது. மாலையானதும் வாயிலைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு முன்பு வெளியே வந்துவிட வேண்டும் என்று மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.